ராகு காலத்தில் விழுந்த கால் விநாடி

சேவூர்த் திலகவதியிடம் ஒருமுறை மணி கேட்டவர்கள் மறுமுறை கேட்கமாட்டார்கள். எல்லோரையும் போல ‘பத்தே கால் இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போகிற பெண்ணில்லை அவள். பத்து பதினாலு என்பாள். கேட்டவர் நாலடி போவதற்குள் முள் நகர்ந்துவிட்டால், ‘ஏங்க, பதினஞ்சு ஆயிடுச்சுங்க’ என்று பின்னாலேயே ஓடிவந்து திருத்திச் சொல்வாள். தெருவில் அவளுக்கு டைம் கீப்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் கோபமே கிடையாது, பெருமைதான்!

இப்படிப்பட்டவளுக்கு வேலை எங்கே வாய்க்கும்? தொண்ணூற்றேழாம் வருஷம், ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். அவளுடைய அப்பா கந்தசாமி பட்டு நெசவுக்காரர். ‘தறிப் பக்கம் வரமாட்டேங்கறா, அங்கயாவது போய் ஒக்காரட்டும்’ என்று சேர்த்துவிட்டார். படிக்கப் போனவள் அங்கேயே ப்ரோகிராம் எழுதுகிறவளாக உட்கார்ந்துவிட்டாள். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப் போகும் என்று பேப்பரில் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? களம்பூர் ரைஸ் மில் முதலாளி ஒருவர் பயந்துபோய் மானிட்டரைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார். அந்த மில்லுக்குப் போய், ரெண்டு இலக்க வருஷத்தையெல்லாம் நாலு இலக்கமாக மாற்றி, கீபோர்டிலிருந்து பூசணி விதையையும் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தவள் நம் திலகவதிதான்.

அந்த வேலையில்தான் தேதியும் நேரமும் எவ்வளவு வம்பு பிடித்த சங்கதி என்று அவளுக்குப் புரிந்தது. டேட்டாபேஸ் இருக்கிறதே, அது மகா அழுத்தக்காரன். ஒரு காரியம் நடந்த நேரத்தை மணி, நிமிஷம், விநாடி என்பதோடு விடாது. விநாடியையும் துண்டு துண்டாக நறுக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். ஆனால் அதை எடுத்துக் காட்டுகிற ப்ரோகிராமில், நேரத்தைப் போட்டுவைக்க நாம் ஒரு பாத்திரம் வைக்கிறோம் பாருங்கள், அது சின்னதாகப் போனால் தொலைந்தோம். மூணு படிப் பாலை ரெண்டு படித் தூக்கில் ஊற்றின கதைதான். வழிந்தது போக மிச்சத்தைப் பார்த்து, இவ்வளவுதான் பால் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் இளஞ்செழியன். கற்றுக்கொடுத்தான் என்றால் வகுப்பெடுக்கவில்லை, சண்டை போட்டான். செய்யாரில் ஒரு கம்பெனிக்கு வருகைப் பதிவு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். அது விநாடியைத் தூக்கி எறிந்துவிட்டு, அரைகுறை நிமிஷத்தை அடுத்த நிமிஷமாக ஏற்றிவிட்டது. ஷிப்டுக்குச் சரியாக வந்தவனையெல்லாம் லேட் என்று சொல்லிற்று.

“மேடம், சைரன் ஊதறதுக்கு முன்னாடியே நான் கார்டு வெச்சேன். ஒங்க மிஷின் லேட்டுன்னுது. நான் பொய் சொல்றேனா, மிஷின் பொய் சொல்லுதா?” என்று நின்றான் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த இளஞ்செழியன்.

திலகவதி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார். “நீங்க சொல்றதுதாங்க சரி. என் ப்ரோகிராம்தான் தப்பு,” என்றாள். சூப்பர்வைசருக்கு மூச்சே நின்றுவிட்டது. இளஞ்செழியனுக்கு வேறு என்னவோ ஆகிவிட்டது. ‘பொறந்ததுலேர்ந்து என்கிட்ட நீ சொல்றது சரின்னு ஒருத்தரும் சொன்னதில்ல’ என்று பிற்பாடு சொன்னானாம். காதல் வந்த நேரத்தை அவளைக் கேட்டால் விநாடி சுத்தமாகச் சொல்வாள். நமக்கு எதற்கு அது!

ரெண்டு வருஷம் போராட்டம். அவள் நெசவு வீடு, அவன் களம்பூர்ப் பக்கத்து விவசாய வீடு. ஜனம் வேறு, வழக்கம் வேறு. கந்தசாமி ஒரு மாசம் மகளோடு பேசவில்லை. இளஞ்செழியனின் அம்மா முனியம்மாள் ஒரு வாரம் சாப்பிடவில்லை. ஊருக்குத் தெரிந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஒருவழியாக ரெண்டு பக்கமும் இறங்கிவந்து வெற்றிலை பாக்கு மாற்றியபோது, கடைசியில் ஒரு எலும்புத்துண்டு தொண்டையில் மாட்டிக்கொண்டது. கல்யாணத்தை நடத்துவது யார்?

“எங்கள்ல பொண்ணு வீட்லதாங்க கல்யாணம்,” என்றார் கந்தசாமி.

“எங்கள்ல மாப்பிள்ள வூட்டுக் கல்யாணம் சம்பந்தி. எம்புள்ள கல்யாணத்த இன்னொருத்தர் நடத்தி நான் கைகட்டிகினு பாக்கறதா?” என்றாள் முனியம்மாள்.

பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்கள். தேதி மட்டும் முடிவாகியிருந்தது: தை மாதத்து வளர்பிறை முகூர்த்தம். அதை விட்டால் வழியில்லை. மாசியில் இளஞ்செழியனைக் கம்பெனி பூனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. போனால் ஒரு வருஷம். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டவைத்த சம்பந்தம் ஒரு வருஷம் தாங்குமா? ரெண்டு வீட்டிலும் தினம் ஒருவர் புதுக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். திலகவதிக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஊரின் பெரிய கல்யாண மண்டபத்துக்காரர்கள் முன்பதிவைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தார்கள். ப்ரோகிராம் எழுதியவள் திலகவதியேதான். செய்யாரில் பட்ட பாட்டில் இந்த முறை விநாடி வரைக்கும் வைத்தாள். ‘கல்யாணத்துக்கு விநாடி போதாதா?’ என்று நினைத்துவிட்டாள். விநாடிக்குக் கீழே உள்ளதைப் பக்கத்து விநாடிக்குத் தள்ளிவிட்டு, சீட்டு அழகாக அச்சாகும்படி செய்தாள். ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு பேர் வந்தால், முன்னே பதிந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்கும். இருந்தால் பின்னால் வந்தவருக்குச் சீட்டு கிடையாது. ஆண்களுக்கு ஒரு கவுண்டர், பெண்களுக்கு ஒரு கவுண்டர், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மண்டபத் தலைவர் நல்ல நேரத்தில் வந்தார், கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், மவுஸுக்கும் ஒரு பொட்டு வைத்தார். அது அதற்கப்புறம் ஒட்டிக்கொண்டே நகர்ந்தது. எல்லாம் சரி. பிறகு மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை! அவர் பேசி முடித்து நன்றி வணக்கம் சொன்னபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் என்ன? ராகு காலம்.

கூட்டம் அப்படியே நின்றது. அட்வான்ஸ் கட்டுவதற்கு ராகு காலத்தில் எவன் கை நீட்டுவான்? பன்னிரண்டு வரைக்கும் யாரும் அசையவில்லை, வரிசையையும் விடவில்லை. ‘இன்னா பேஜாருப்பா இது’ என்று முணுமுணுத்துக்கொண்டே கடலை வாங்கித் தின்றார்கள். மேனேஜர் கமலக்கண்ணன் கெட்டிக்காரர். வரிசையில் முன்னால் இருப்பவர்களின் விவரத்தையெல்லாம் இப்போதே ஏற்றித் தயாராக வைத்துக்கொள்ளலாம், பன்னிரண்டு அடித்ததும் பட்டனை மட்டும் அழுத்தலாம் என்றார். ஆண்கள் கவுண்டரில் அவரே உட்கார்ந்தார். பெண்கள் கவுண்டரில் உட்கார வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். திலகவதி உட்கார்ந்தாள்.

வரிசையில் முதல் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? முனியம்மாள்! விடியற்காலை முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“இன்னா கண்ணு, என்னப் பாத்து முழிக்கற? தை வளர்பிறை முகூர்த்தம். எம்பேர்ல போடு,” என்றாள்.

திலகவதிக்கு வாயெல்லாம் பல். அப்பா இறங்கிவந்துவிட்டார் போலிருக்கிறது, அதுதான் அத்தை வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அப்பா காலையில் ஜரிகை வாங்கப் போவதாக அல்லவா சொல்லிவிட்டுப் போனார்! அவர் ஜரிகையும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்று, அதே முகூர்த்தத்தைத் தன் பெயரில் ஏற்றிவைத்துவிட்டு, துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் முள் மேலே ஏறியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. “மணி அடிக்கட்டும் கண்ணு, அப்புறம் அழுத்து,” என்றாள் முனியம்மாள். திலகவதி தலையாட்டினாள். விரல் பட்டன் மேலேயே இருந்தது. டாண்!

ரெண்டு பிரிண்டரும் ஒரே மூச்சில் கிர்ர் என்றன.

மண்டப வாசலில் சம்பந்திகள் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ரெண்டு பேர் கையிலும் சீட்டு.

“சம்பந்தி, மண்டபம் போட்டாச்சுங்க,” என்றார் கந்தசாமி சிரித்துக்கொண்டே.

“அதான் நான் போட்டுட்டனே!” என்றாள் முனியம்மாள்.

சீட்டை நீட்டிப் பார்த்தார்கள். அதே மண்டபம், அதே முகூர்த்தம், நேரம் பன்னிரண்டு மணி பூஜ்யம் நிமிஷம் பூஜ்யம் விநாடி. இரண்டிலும் அதே! முன்னே பதிந்தவர் இருக்கிறாரா என்று ப்ரோகிராம் பார்த்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒரே விநாடி. யாரும் முன்னே இல்லை. தாராளமாக ரெண்டு பேருக்கும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரியாமல் வந்தீர்களா என்று இவர், சொல்லிவிட்டா வந்தீர்கள் என்று அவள். கூட்டம் கடலைப் பொட்டலத்தோடு சுற்றி நின்றுகொண்டது. ஆண்கள் வரிசை கந்தசாமி பக்கம், பெண்கள் வரிசை முனியம்மாள் பக்கம்.

“யார் முன்னன்னு தெரிஞ்சாவணும்,” என்றாள் முனியம்மாள். “நான் பின்னன்னு சொல்லுங்க, பேசாம பஸ் ஏறிப் போயிடறேன். எம்புள்ளைக்கு வேற எடம் பாக்கத் தெரியும்.”

“போங்களேன்! எம்பொண்ணுக்கு மட்டும் வேற எடம் கெடைக்காதா?” என்றார் கந்தசாமி. அவருக்கு வாய் முந்திவிட்டது. சொன்னபிறகு முகம் வெளுத்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஆளில்லை.

கமலக்கண்ணன் ஓடிவந்தார். “ஏம்மா திலகா, ஒன் ப்ரோகிராம்தானே! ஜல்தியா ஏதாவது பண்ணும்மா!”

ரெண்டு வருஷம் கண்ணீரும் கம்பலையுமாக நின்று வாங்கின சம்மதம், கண்ணெதிரே வாசற்படியில் உடைந்துகொண்டிருக்கிறது. திலகவதி கவுண்டருக்கு ஓடினாள். ப்ரோகிராமை நம்பிப் பிரயோஜனமில்லை, அதன் பாத்திரம் சின்னது. நேரே டேட்டாபேஸிடமே கேட்டாள்: நீ வைத்திருக்கிறதை, ஒரு சொட்டு சிந்தாமல், அப்படியே காட்டு.

காட்டியது. பார்த்தவள் “ஐயோ!” என்றாள்.

அப்பாவின் பதிவு பன்னிரண்டு மணி தாண்டிச் சொற்பத்தில் விழுந்திருந்தது. அத்தையின் பதிவு அதற்கு முன்னே. முன்னே என்றால் எவ்வளவு முன்னே? பதினொன்று ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது விநாடி, அதற்கு மேல் ஒரு முக்கால். பன்னிரண்டுக்கு இன்னும் கால் விநாடி பாக்கி. காலையில்தான் ரேடியோ செய்தி கேட்டு அவளே திருப்பிவைத்த கம்ப்யூட்டர் கடிகாரம், தப்பு என்று சொல்லவும் வழியில்லை. அத்தைதான் முதல். ஆனால் ராகு காலம்! அந்தக் கால் விநாடியை ப்ரோகிராம் பக்கத்து விநாடிக்குத் தள்ளி, அழகாகப் பன்னிரண்டு என்று அச்சடித்து மூடிவிட்டிருந்தது.

கமலக்கண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார். “ம்மா, இத வெளிய சொல்லாத. ஒங்கப்பாதான் முதல்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?”

சொல்லலாம்தான். சொன்னால் அத்தை பஸ் ஏறிவிடுவாள். அத்தைதான் முதல் என்று மட்டும் சொன்னால் அப்பா தலை குனிந்துவிடுவார். முழுசாகச் சொன்னால், ராகு காலத்தில் பதிந்த கல்யாணம், சகுனம் சரியில்லை என்று மொத்தமாகவே நிறுத்திவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. ஆனால் பத்து பதினாலைப் பத்தே கால் என்று சொல்லத் தெரியாதவள் அவள். எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“அத்தைதான் முதல்,” என்றாள்.

பெண்கள் வரிசை ஓவென்று கத்தியது. கந்தசாமி மகளைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இருங்க, முடிக்கல. அத்தைது பன்னெண்டுக்கு முன்னாடியே விழுந்திருக்கு. கால் விநாடி முன்ன. ராகு காலத்துல.”

கத்தல் நின்றது. கடலை தின்கிற சத்தம்கூட நின்றது. முனியம்மாள் கையிலிருந்த சீட்டைத் தீப்பட்டது போல உதறினாள். “ஐயையோ! எம்புள்ள கல்யாணத்த ராகு காலத்துலயா போட்டேன்?” அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. “வேணாம் சாமி. இது நல்லதுக்கில்ல. இந்தச் சம்பந்தமே நமக்கு வேணாம்.”

“அத்தை!” திலகவதி அவள் முன்னால் மண்டியிட்டாள். “நீங்க எங்க போட்டீங்க? பட்டன அழுத்தினது நான். மணி அடிக்கட்டும்னு நீங்க சொன்னீங்களா இல்லியா? எனக்குத்தான் பொறுக்கல.”

“ஏன்டி பொறுக்கல?”

“அந்தப் பக்கம் வேற யாராவது அந்தத் தேதிய தூக்கிகினு போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன். தை போச்சுன்னா அவரு பூனா போயிடுவாரு. இன்னொரு வருஷம் என்னால முடியாது அத்தை!” குரல் தானாக உயர்ந்துவிட்டது. “எனக்கு ஒங்க புள்ளைய கட்டிக்கணும். அதான் விரல் முந்திடுச்சு. போதுமா?”

ஆண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு விசில் பறந்தது. திலகவதிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஊரே பார்க்க, மண்டப வாசலில், மைக் இல்லாத குறைதான்!

முனியம்மாள் அவளையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

“அடிப்பாவி! ராகு காலம் முடியறதுக்குள்ள எம்புள்ள வோணுமா ஒனக்கு? இதவிட நல்ல சகுனம் இன்னாடி வோணும் எனக்கு!” என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். சிரிப்பு ரெண்டு வரிசைக்கும் தொற்றிக்கொண்டது. கமலக்கண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடலைக்காரர் ஏன் என்று தெரியாமலேயே சிரித்தார்.

கந்தசாமி மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்து தன் சீட்டை முனியம்மாளிடம் நீட்டினார். “இது நல்ல நேரத்துல விழுந்த சீட்டு சம்பந்தி. இதுவே இருக்கட்டும். பேர மட்டும் ஒங்க பேரா மாத்திக்குங்க. கல்யாணத்த நீங்களே நடத்துங்க. நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க.”

“நான் மட்டும் இன்னா கொறைச்சலாவா பேசினேன்? அதெல்லாம் கெடையாது, ரெண்டு பேரும் இருக்கட்டும். ரெண்டு வூட்டுக் கல்யாணம்.”

“ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு பேர்தான் ஏறும் அத்தை, ப்ரோகிராம் அப்படித்தான் எழுதியிருக்கேன்,” என்றாள் திலகவதி.

“மாத்துடி!” என்று ரெண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

மாற்றினாள். அன்று சாயங்காலத்துக்குள் பெயருக்கு இரண்டு இடம் வைத்தாள், நேரத்துக்குப் பெரிய பாத்திரமும் வைத்தாள். அதற்கப்புறம் அந்த மண்டபத்தில் விநாடித் தகராறு ஒன்றுகூட வந்ததில்லை.

வேலை முடித்து வெளியே வந்தபோது, கந்தசாமி டிவிஎஸ் வண்டியோடு காத்திருந்தார். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் நின்றாராம். வண்டியைக் கிளப்பாமல் கேட்டார்.

“எவ்ளோ முன்ன அழுத்தினேன்னு சொன்ன?”

“கால் விநாடிப்பா. கண்ண மூடித் தெறக்கற நேரம்கூட முழுசா ஆகாது.”

“அதுகூட எங்க வீட்ல இருக்கப் பொறுக்கலியா ஒனக்கு?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது. எப்போதும் எல்லாவற்றுக்கும் சுத்தமாகக் கணக்குச் சொல்கிறவள், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“சரி, அழாத,” என்றார் கந்தசாமி, வண்டியை உதைத்தபடி. “தைக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுவரைக்கும் நான் மெதுவாவே ஓட்டறேன்.”